குழந்தையிடம் கேட்ட கேள்வி

நீதிபதி அறவாழி மடத்துக்கு வந்தபோது முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது. தாய் தெய்வானையும் மனைவி கோமதியும் கூட வந்திருந்தார்கள். குருவுக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆனாலும் சீடர் சீடர்தான். விழுந்து கும்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“நாளைக்கு ஒரு தீர்ப்பு சொல்றேன் சாமி. ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“என்ன வழக்கு?”

“ஏழு வயசுப் பொண்ணு. கனடாவுலயே பிறந்து வளர்ந்தவ. லீவுக்குன்னு சொல்லி அம்மா இங்க கூட்டிட்டு வந்தா. திரும்பிப் போகல. அப்பன் பின்னாலேயே வந்து மனுப் போட்டுட்டான். பிள்ளையைக் கனடாவுக்கே அனுப்புங்க, யார்கிட்ட வளரணும்னு அந்த ஊர்க் கோர்ட்டு சொல்லட்டும்ங்கிறான். அனுப்பினா நான் செத்துருவேன்ங்கிறா அம்மாக்காரி.”

“நீங்க என்ன முடிவு பண்ணீங்க?”

“முடிவு பண்ண முடியாம தூக்கமே போச்சு சாமி. ரெண்டு பக்கத்து வக்கீலும் பழைய தீர்ப்பா கொண்டுவந்து அடுக்குறாங்க. அனுப்பணும்னும் இருக்கு, கூடாதுன்னும் இருக்கு. கடைசியில பிள்ளையை என் அறைக்குத் தனியா வரச் சொன்னேன். சாக்லேட் குடுத்தேன். அப்பா வேணுமா, அம்மா வேணுமான்னு கேட்டேன்.”

“சாக்லேட் சாப்பிட்டாளா?”

“இல்ல. கையிலேயே வச்சிருந்தா, உருகிடுச்சு. கொஞ்ச நேரம் கதவையே பார்த்தா. வெளியில அம்மா நிக்கிறா இல்லையா. அப்புறம் ‘அம்மா’ன்னா. பிள்ளையே சொன்னதுக்கு அப்புறம் நான் ஏன் மண்டையை உடைச்சுக்கணும்?”

குரு பெண்கள் இருவரையும் அருகில் வந்து உட்காரச் சொன்னார்.

“அறவாழி, இவங்க ரெண்டு பேர்ல உங்களுக்கு யார் வேணும்?”

நீதிபதி சிரித்தார். குரு சிரிக்கவில்லை.

“தாயா, தாரமா? ஒருத்தரைச் சொல்லுங்க. அவங்க உங்களோட வீட்டுக்கு வரட்டும். இன்னொருத்தர் இன்னையிலிருந்து இந்த மடத்தோட தங்கிடட்டும். எப்பவாவது போன்ல முகம் பார்த்துக்கலாம்.”

கல்யாணமான எந்த ஆண்பிள்ளையும் இந்தக் கேள்வியைச் சிரித்து மழுப்பத் தெரிந்தவன்தான். ஆனால் அறவாழி ஒருநாளும் குருவின் சொல்லைத் தட்டியதில்லை. அது அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். கோமதி அவரையே பார்த்தாள். தெய்வானை பார்க்கவில்லை, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

“இது நியாயமில்ல சாமி.”

“சொல்லுங்க.”

“ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?”

“சரி, அவங்களை வெளியில நிக்கச் சொல்றேன். கதவைச் சாத்திக்கலாம்.”

பெண்கள் எழுந்து போனார்கள். கதவு சாத்தப்பட்டது. அறவாழி உண்மையிலேயே பயந்துவிட்டார். ஒரு பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார், முடியாமல் மூடிக்கொண்டார்.

“கொஞ்சம் அவகாசம் குடுங்க சாமி.”

“எடுத்துக்குங்க,” என்றார் குரு. “உங்களுக்கு அவகாசம் கேட்கத் தெரியுது. அந்தப் பிள்ளைக்குத் தெரியல, அம்மான்னு சொல்லிட்டா.”