ஆறு நட்டு

அங்கமுத்து ஐம்பது வயதில் காஜா மாஸ்டரின் பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்தார். மாஸ்டர் அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

அதற்கு முன் அவர் சிகாமணியின் பட்டறையில் இருந்தார். ஒரு போல்ட்டை உடைத்துவிட்டார் என்று சிகாமணி அவரை ஆட்கள் முன்னால் வெளியே தள்ளினான். இவன் கையில் ஸ்பேனர் கொடுக்கிறவன் முட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னான். ஊரும் நம்பியது. அங்கமுத்து அதில் ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷத்துக் கார் ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய கார்களின் மலையேற்றப் போட்டியில் அது ஓட வேண்டும். பழைய இரும்பு எடைக்குத்தான் ஆகும் என்று சிகாமணி திருப்பி அனுப்பிய வண்டி. ஸ்டார்ட் செய்தால் நின்ற இடத்திலேயே உதறியது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் மேனிஃபோல்டு குழாயில் காற்றுக் கசிவு.

அங்கமுத்து தானே செய்வதாகக் கேட்டு வாங்கினார். இணைப்புக்கு நடுவில் புது கேஸ்கட் அட்டை வைத்தார். பேஸ்ட்டை அப்பினார். பலம் கூட ஸ்பேனரில் பைப்பை மாட்டி, அதைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகளில் இரண்டு ஓர நட்டுகளையும் முதலில் முறுக்கினார். நரம்பு புடைத்தது.

வண்டி முன்னைவிட அதிகமாக உதறியது.

“இவ்வளவு முறுக்கியும் காத்து போகுதே, மாஸ்டர்?”

காஜா ஆயில் கேனில் தண்ணீர் எடுத்து, இணைப்பின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரங்களில் வழிந்து இறங்கியது. நடுவில் உள்ளே உறிஞ்சிக்கொண்டது. உதறல் ஒரு நொடி நின்று, மறுபடி தொடங்கியது.

“ஓரத்த முதல்ல இறுக்குனதுல நடு தூக்கிடுச்சு. கழட்டுங்கண்ணா.”

பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுத்தார்கள். வேறு கேஸ்கட். ஆறு நட்டையும் விரலால் மாட்டச் சொன்னார். பைப்பைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் போட்டார். நடுவில் தொடங்கி ஓரம்வரை, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்று. மறுபடி நடுவிலிருந்து.

முறுக்கிக்கொண்டே அங்கமுத்து, ஞாயிற்றுக்கிழமை சிகாமணியிடம் என்னவெல்லாம் கேட்கப்போகிறார் என்று சொல்லிவந்தார். நாலாவது நட்டுக்கு வந்தபோது, மாஸ்டர் ஸ்பேனரை வாங்கி ஆறையும் தளர்த்தினார்.

“ஏன் மாஸ்டர்?”

“மத்ததெல்லாம் கால் சுத்து. நாலாவதுல சிகாமணி இருந்தாருங்க.”

இன்னொரு முறையும் அப்படியே ஆயிற்று. இன்னொரு முறையும் தளர்த்தினார். அதற்கடுத்த முறை அங்கமுத்து பேசவில்லை.

மூன்றாம் சுற்று முடிந்தது. “போதுங்களா, மாஸ்டர்?”

“இன்னும் முறுக்க ஆசையா இருக்கா?”

“இருக்கு.”

“அப்பப் போதும்.”

ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்தில் முப்பது வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. பேசினால் காதில் விழவில்லை. இந்த வண்டியின் பானெட் திறந்திருந்தது. சிகாமணி நாலு பேரோடு வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தான்.

“ஸ்டார்ட் பண்ணு, அங்கமுத்து. சிரிச்சிட்டுப் போறோம்.”

கத்திச் சொல்லிக்கொண்டே, நட்டை ஆட்டிப் பார்க்கக் கையை உள்ளே நீட்டினான். அங்கமுத்து பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தார். கேட்க வைத்திருந்த கேள்விகளில் ஒன்றும் வாயில் வரவில்லை.

“கையை விடுடா. என்ன பயம்?” என்றான் சிகாமணி.

மாஸ்டர் பக்கத்தில் வந்து, அவன் காதருகே குனிந்தார்.

“ஃபேன் கையை வெட்டிடுமுங்க. நீங்க வர்றதுக்கு முன்னாடி புடிச்சே எஞ்சின் ஓடிட்டுதான் இருக்குது.”