காளான் வைக்கோலுக்குக் குடிவந்த கதை

காளானுக்கும் பேசத் தெரிந்த காலம் அது. அப்போது அது காட்டு மர நிழலில் மட்டுமே வாழ்ந்தது. ஒரு கோடையில் காடு எரிந்துபோனது. பிழைத்த ஒரே ஒரு காளான், தீயில் தப்பிய புளியமரத்திடம் போய் இடம் கேட்டது.

"உனக்கு இலையும் இல்லை, பூவும் இல்லை. உன்னால் எனக்கு என்ன ஆகப்போகிறது?" என்று விரட்டிவிட்டது மரம்.

காளான் அலைந்து திரிந்து ஓர் ஊருக்கு வந்தது. அங்கே அறுப்பு நேரத்தில் மழை கொட்டி நெல்லெல்லாம் வீணாகியிருந்தது. ஊறிப்போன வைக்கோலை மாடுகூடத் தொடவில்லை. நல்லக்காளும் அவள் கணவன் பெரியாண்டியும் அதை வாய்க்காலில் தள்ளப் போனார்கள்.

"தாயே, அதில் எனக்கு இடம் கொடு" என்றது காளான்.

"நமக்கே சோற்றுக்கு வழியில்லை. இதில் விருந்தாளி வேறா?" என்றான் பெரியாண்டி.

"தூக்கிப் போடுகிற வைக்கோல்தானே. இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாள் நல்லக்காள்.

வைக்கோலைக் கூடையில் அமுக்கி, அதில் காளானைப் பதித்து, கொல்லை நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தாள். வைக்கோலுக்குள் காளான் வெள்ளை நூல் நூலாகப் பரவியது. பிறகு மொட்டு மொட்டாகக் காளான் வந்தது. அதைப் பறித்துச் சமைக்க, பல நாளுக்குப் பின் அவர்கள் பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்கினார்கள்.

மணம் பிடித்து வந்தாள் பக்கத்து வீட்டுச் சடைச்சி. "எங்களுக்கும் நாலு பறித்துக் கொடு அக்கா. பிள்ளைகள் சுருண்டு கிடக்கிறார்கள்."

நல்லக்காள் பறிக்கக் குனிந்தாள். காளான் அவளைத் தடுத்தது. "பறித்துக் கொடுத்தால் ஒரு வேளைக்குத்தான் ஆகும். இந்த வைக்கோலோடு என்னைப் பிய்த்து வீட்டுக்கு ஒரு பிடி கொடு."

"நீ பிழைப்பாயா?"

"தெரியாது. இதுவரை யாரும் என்னைப் பிய்த்ததில்லை."

"வேண்டாம். இருப்பதும் போய்விடும்" என்றான் பெரியாண்டி.

சடைச்சியின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு நல்லக்காள் கூடை முன் உட்கார்ந்தாள். பிறகு வைக்கோலைப் பிடி பிடியாகப் பிய்த்தாள். காளான் ஒரு முறை முனகியது. அதன்பின் பேசவே இல்லை.

ஊரில் எல்லோரும் அவரவர் வைக்கோலில் அந்தப் பிடியைப் புதைத்து நீர் தெளித்தார்கள். ஒன்றும் முளைக்கவில்லை. பெரியாண்டி அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கொன்றுவிட்டோமே என்று நல்லக்காள் தனக்குள் குமைந்தாள்.

ஒரு காலையில் சடைச்சி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா, வந்து பாரு."

ஒவ்வொரு வீட்டுக் கூடையிலும் வெள்ளை மொட்டுகள் தலை நீட்டியிருந்தன. அவற்றைத் தடவிப் பார்த்த பெரியாண்டி, "நம் கூடைக்கு நான் தண்ணீர் தெளிக்கிறேன்" என்றான்.

அன்று முதல்தான் காளான் பேச்சை விட்டுவிட்டு வீட்டு நிழலில், வைக்கோலில் வளர்கிறது. அதை வளர்ப்பவர்களும், கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பிடி பிய்த்துக் கொடுக்கிறார்கள்.