கரையான் கட்டாத வாடகை

முன்னொரு காலத்தில், காலையில் யாருக்காவது எதையாவது தானம் கொடுக்காவிட்டால் சாப்பிட்டது செரிக்காது என்று நம்பிய அரசர் ஒருவர் இருந்தார். பெயர் வீரகேது. வாங்குகிறவனுக்கு அது தேவையா என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கேட்டால் தானத்தின் கம்பீரம் போய்விடுமாம்.

அவர் சபையில் கூத்தன் என்றொரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அரசர் சிரிக்கச் சிரிக்க, கருவூல அதிகாரி ஆதிமூலருக்கு வயிறு எரியும்.

கூத்தன் எண்ணெய் வணிகர் வைரவனின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறான் என்று ஒரு நாள் அரசருக்குத் தெரியவந்தது.

"என் சபையில் இருப்பவன் இன்னொருவன் கூரையின் கீழ் படுப்பதா? எனக்கல்லவா இழுக்கு" என்றார்.

கூத்தனுக்கு அதில் ஓர் இழுக்கும் தெரியவில்லை. மாதம் பிறந்தால் வாடகையை எடுத்து வைப்பான். மிச்சத்தில் அவனும் மனைவி செங்கமலமும் வயிறாரச் சாப்பிடுவார்கள். ஓடு உடைந்தால் அது வைரவனின் கவலை.

ஆதிமூலர் முந்திக்கொண்டார். "மகாராஜா, வடக்கு வீதியில் பழைய தளபதி மாளிகை சும்மா கிடக்கிறது. அதைக் கூத்தனுக்கே தானமாக அளிக்கலாமே."

அந்த மாளிகையைப் பழுது பார்த்துப் பார்த்துக் கருவூலமே இளைத்துப்போனதை அவர் சொல்லவில்லை. அரசர் கொடுத்ததை விற்கக் கூடாது, பூட்டிப் போடக் கூடாது, திருப்பித் தரவும் கூடாது. மீறினால் நாடு கடத்துவார்கள். கூத்தன் வாயைத் திறப்பதற்குள் சாவி கைக்கு வந்துவிட்டது.

வாடகை மிச்சம் என்று முதல் மாதம் நெய் வாங்கினார்கள். அடுத்த மாதம் நல்லெண்ணெயோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கடுத்த மாதம் தாளிப்பே இல்லை. மழை வந்தால் கூடத்தில் அண்டா, படுக்கையில் சட்டி. கொத்தனார் அண்ணாந்து பார்த்து, "மாளிகைன்னா சும்மாவா சாமி" என்று கூலியை இரட்டிப்பாக்கினார். கரையான் உத்தரத்தைத் தின்றது. கிணறு தூர்ந்தது. தேர் வரும் வீதி என்பதால் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். வீட்டு வரிக்காரன் போனதும் திருவிழா வரிக்காரன் வந்து, "பெரிய வீட்டுக்காரர், பெரிய பங்கா போடுங்க" என்று பல்லைக் காட்டினான். செங்கமலத்தின் அட்டிகை அடகுக்குப் போனது.

"என்னங்க, வாடகை குடுத்தப்ப ஒரு ஆளுக்குத்தான் குடுத்தோம். இப்ப ஊருக்கே குடுக்கறோம்" என்றாள் அவள். "இனி கழுத்துல தாலி ஒண்ணுதான் பாக்கி. அதை இந்தக் கரையானுக்குக் குடுக்க மாட்டேன்."

கூத்தனுக்கு அன்று விகடம் எதுவும் வாயில் வரவில்லை. இந்த வீட்டில் இருந்தால் பிச்சை எடுக்க வேண்டும், கிளம்பினால் நாட்டை விட்டே போக வேண்டும். நிஜமாகவே பயந்துபோனான்.

மறுநாள் சபையில் கட்டியக்காரர் வழக்கம்போல் முழங்கினார்: "மழையை ஏவும் மன்னர், ஊர்வனவும் பறப்பனவும் அடிபணியும் சக்கரவர்த்தி வருகிறார், பராக்!" இந்தப் பட்டங்களை எழுதிக்கொடுத்து முத்துமாலை பரிசு வாங்கியவர் ஆதிமூலர். தினமும் கேட்டு மரத்துப்போயிருந்த கூத்தனின் காது அன்று நிமிர்ந்தது. முன்னால் வந்து வணங்கினான்.

"மகாராஜா, ஒரு முறையீடு. என் வீட்டில் தங்கள் குடிகள் சிலர் தங்கியிருக்கிறார்கள். வாடகை தருவதில்லை. காலி செய்யச் சொன்னாலும் கேட்பதில்லை."

"என் குடிகளா? யார் அவர்கள்?"

"கூடத்தில் மழை, உத்தரத்தில் கரையான், பரணில் வௌவால். தங்கள் ஏவலில் வந்தவர்களை நான் எப்படி விரட்டுவது? அவர்களுக்காகத் தாங்கள்தான் வாடகை தரவேண்டும்."

ஆதிமூலர் துள்ளி எழுந்தார். "அதிகப்பிரசங்கி. மழையும் கரையானும் அரசர் சொல்லியா வருகின்றன? அவை யார் சொல்லைக் கேட்கும்?"

கூத்தன் காதைப் பொத்திக்கொண்டான். "சிவ சிவ. அரசரின் சொல்லைக் கரையான்கூடக் கேட்காது என்று சபையிலேயே சொல்கிறாரே. அப்படியென்றால் தினமும் இங்கே முழங்குவது பொய்யா? பொய்யை எழுதிக்கொடுத்தா முத்துமாலை வாங்கினார்?"

ஆதிமூலருக்கு வியர்த்தது. பட்டங்கள் பொய்யென்றால் மாலை போகும், அது தொங்கும் கழுத்தும் போகலாம்.

"அவை தங்கள் குடிகள்தான், மகாராஜா" என்று முனகினார்.

அரசர் கூத்தனைப் பார்த்தார். "அந்த வீடு அவ்வளவு மோசமா?"

"தாங்கள் தந்த தானம். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் மனைவி கழுத்தில் அட்டிகையும் இல்லை."

அரசருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட்டிகையைக் கருவூலம் மீட்டுத்தர வேண்டும் என்றார். தம் குடிகள் தங்கும் வீடு தம்முடையதாகவே இருக்கட்டும், கூத்தன் வைரவனுக்குக் கொடுத்த வாடகையையே தமக்குக் கொடுத்துவிட்டு அங்கே இருக்கட்டும் என்றார்.

"பழுது வந்தால், மகாராஜா?"

"அது வீட்டுக்காரன் பாடு" என்றார் அரசர், யோசிக்காமல்.

ஐப்பசி அடைமழை பிடித்ததும் கூத்தன் சொட்டச் சொட்ட நனைந்தபடி சபைக்குள் நுழைந்தான். மகாராஜா என்று அழைக்கவில்லை.

"வீட்டுக்காரரே, கூடம் ஒழுகுகிறது."

சபை நடுங்கியது. அரசரோ கிரீடம் சரியும்வரை சிரித்தார். கூத்தனுக்கு ஒரு பொற்கிழியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆதிமூலர் பக்கம் திரும்பினார்.

"மழை என் குடி என்று நீர்தான் சாட்சி சொன்னீர். போய்க் காலி செய்யச் சொல்லும்."

அன்று மாலை ஆதிமூலர் தலையில் ஓட்டுக்கூடையோடு ஏணி ஏறினார். கீழே செங்கமலம் கழுத்து நிறைய அட்டிகையோடு நின்று, "அங்க இல்லீங்கய்யா, இன்னும் கொஞ்சம் தள்ளி, அந்த ஓரமா" என்று பதமாக வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.