ஐந்தாம் வரி

“ஆளே வரமாட்டேங்கிறாங்க மேடம்,” என்றார் சகாயநாதன்.

குரு யாழரசிக்கு முப்பத்திரண்டு வயது. சீடர் சகாயநாதனுக்கு அறுபத்தாறு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஓய்வு பெற்ற கையோடு கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்தவர். கற்க வந்தபின் வயசாவது மண்ணாவது.

இருவரும் கட்டிக் காத்தது ஒரு நெட்வொர்க் சிமுலேட்டர். கம்பி, கருவி எதுவும் வாங்காமல் கணினிக்குள்ளேயே ஒரு வலைப்பின்னலை அமைத்து ஓட்டிப் பார்க்கலாம். இலவசம். அதன் நிரலை யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். திருத்தத்தான் ஆளில்லை.

இந்த வருஷமும் புது ஆள் சேராவிட்டால் மூடிவிட வேண்டியதுதான் என்று யாழரசி சொல்லிவிட்டார்.

சகாயநாதனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து நாற்பத்து மூன்று மேம்பாடுகளுக்குத் திட்டம் போட்டுக் கொண்டுவந்தார். செயற்கைக்கோள் இணைப்பு, புதிய திரை, இரட்டை வேகம். இதற்கும் ஆள் வராவிட்டால் உலகத்துக்குக் கண் அவிந்துபோயிற்று என்பது அவர் கட்சி.

யாழரசி கடைசிப் பக்கம் வரை படித்தார். நல்ல திட்டம் என்றார்.

பிறகு ஒரு மடிக்கணினியை எடுத்து, அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு சகாயநாதன் முன்னால் வைத்தார்.

“இதுல நம்ம சிமுலேட்டரை ஏத்தி, ஒரே ஒரு செய்தி அனுப்பிக் காட்டுங்க சார். வழிகாட்டியில இருக்கறதை மட்டும் பாத்து.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிமுலேட்டரைக் கணினியில் ஏற்றுவதற்கான அந்த வழிகாட்டியை எழுதியதே அவர்தானே.

வழிகாட்டியின் ஐந்தாம் வரியில் வேலை நின்றுவிட்டது. ஏதோ ஒரு கோப்பைக் காணோம் என்றது கணினி.

மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. என்ன செய்தும் ஐந்தாம் வரி அசையவில்லை. கடைசியில்தான், அந்தக் கோப்பு தம் வீட்டுக் கணினியில் இருப்பது உறைத்தது. ஆறு வருஷத்துக்கு முன் தாமே எழுதி, தாமே மறந்தது. போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தார்.

“உங்க வீட்டுல இருக்கு சார். வர்றவங்க எங்க போவாங்க?”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

உதவி கேட்டு வந்த பழைய கடிதங்களைத் திறந்தார். அவற்றுக்குப் பதில் போடுவதும் அவர் பொறுப்புதான். திருச்சியிலிருந்து ஒரு மாணவி, ஓசூரிலிருந்து ஒரு வாத்தியார். எல்லோரும் ஐந்தாம் வரியைத்தான் கேட்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவர் ஒரே பதிலைத்தான் போட்டிருந்தார்: ‘என் கணினியில் நன்றாக ஓடுகிறதே.’

அதற்குப் பிறகு ஒருவரும் எழுதவில்லை. எண்ணிப் பார்த்தார். அறுபத்தேழு பேர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

கோப்பைச் சேர்த்து, வழிகாட்டியை வரிவரியாகத் திருத்த நான்கு நாள் பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கணினியை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். யார் போதும் என்றாலும் விடுகிற ஆளாக இல்லை. ஐந்தாம் நாள் காலை செய்தி போய்ச் சேர்ந்தது.

இனி அந்த நாற்பத்து மூன்றில் எதை முதலில் எடுக்கலாம் என்று கேட்டார் யாழரசி.

சகாயநாதன் காதில் வாங்கவில்லை. திருச்சி மாணவிக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

‘அம்மா, ஓடவில்லை என்று நீங்கள் சொன்னது சரி. தப்பு என்னுடையது. இன்னொரு முறை வருவீர்களா?’