கடல் இடம் மாறிய வழக்கு

அநியாயம் இழைக்கப்பட்டது இசக்கியம்மாளுக்கு. இழைத்தவர்கள் அவளுடைய பெரியப்பா சுப்பையா, சித்தப்பா வேலாண்டி, தாய்மாமா சங்கிலி. மூவரும் அசந்து தூங்கிய நேரம் பார்த்து, மன்னார் வளைகுடாவைத் தூக்கி மறுபக்கம் வைத்துவிட்டாள் என்பது அவள்மேல் குற்றச்சாட்டு.

பல்கலைக்கழகப் பேச்சுமேடையில் ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதவள் இசக்கி. மேல்படிப்புக்கு டெல்லியில் இடமும் கிடைத்திருந்தது. ஆனால் இந்த மூவரும் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது.

"எங்களை ஒரு வெளியூருக்குக் கூட்டிட்டுப் போயி, பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து சேத்துரு. பொறவு டெல்லியப் பத்திப் பேசலாம்" என்றார் பெரியப்பா.

அதனால்தான் சிப்பித்துறை. வண்டி வாகனம் ஊருக்குள் வரக் கூடாது, விடுமுறைக்கு வருகிறவர்கள் கடற்கரைகளை நடந்தேதான் பார்க்கவேண்டும் என்று சட்டம் வைத்திருக்கும் ஊர். இங்கே வழி தவற வாய்ப்பே இல்லை என்று இசக்கி நினைத்தாள். அவ்வளவு படித்தும் அப்படி நினைத்தாள்.

தங்கியிருந்த வீட்டின் ரெஜினா அக்கா காலையில் வழி சொன்னார்: "தெக்க பாத்து நடங்க. மூணு கடற்கரை வரும். கடல் உங்க இடக்கைப் பக்கமே இருக்கணும், அவ்வளவுதான். தப்பவே மாட்டீங்க."

முதல் கடற்கரையில் சுண்டல் வந்தது. சைக்கிளில் வந்தது. வாகனத்தில் வந்த சுண்டலைத் தின்றால் குற்றம் தின்றவனுக்கா, விற்றவனுக்கா என்று மூவரும் ஆலோசித்தார்கள். சைக்கிளை ஊர் எல்லையில் விட்டுவிட்டு நடந்து வந்தால் வாங்கலாம் என்று தீர்ப்பாயிற்று. சுண்டல்காரர் போனார். போனவர் போனவர்தான்.

இரண்டாவது கடற்கரையில் ஒரு பலகை: 'இங்கே எதையும் விட்டுச் செல்லாதீர்கள்.' சித்தப்பா திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணாச்சி, நம்ம கால்தடம் பூராவும் கெடக்கு!"

துண்டை உதறி அழிக்க ஆரம்பித்தார். ஒரு தடத்தை அழிக்க நின்ற இடத்தில் இரண்டு தடம் விழுந்தது. மாமாவும் உதவிக்குப் போனார், நான்காயிற்று. கடைசியில் பெரிய அலை ஒன்று வந்து எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போனது. மாமா அதைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மூன்றாவது கடற்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டு, புன்னைமர நிழலில் மூவரும் படுத்தார்கள். இசக்கி விழித்திருந்து புத்தகம் படித்தாள். அவள் செய்த குற்றம் இவ்வளவுதான்.

எழுந்து திரும்பி நடந்தார்கள். நாலு எட்டு வைத்த பெரியப்பா நின்றார்.

"ஏல வேலாண்டி, கடல் எங்க இருக்கு?"

"வலக்கைப் பக்கம், அண்ணாச்சி."

"காலைல?"

"இடக்கைப் பக்கம் இருந்துச்சுல்லா!"

மூவரும் மெதுவாக இசக்கியைப் பார்த்தார்கள்.

"முழிச்சிருந்தது நீ ஒருத்திதானட்டி?" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, கடல் அங்கனயேதான் இருக்கு. நாமதான் திரும்பியிருக்கோம்! இங்க பாருங்க." அவர் தோளைப் பிடித்துத் தெற்கே திருப்பினாள். "இப்ப எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

வடக்கே திருப்பினாள். "இப்ப?"

"வலப்பக்கம்!" பெரியப்பா அவள் கையைத் தட்டிவிட்டு விலகினார். "பாத்தீயளா? என் தோளைத் தொட்டே மாத்துதா!"

"அத்தான், இவ்வளவு பெரிய கடலையே மாத்துறவ டெல்லிக்குப் போனா, டெல்லி மிஞ்சுமா?" என்றார் மாமா.

இசக்கி வாதாடினாள். மணலில் படம் போட்டாள். சூரியனைச் சாட்சிக்கு அழைத்தாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம். மூவரும் தனியாகக் கூடிப் பேசி ஒரு வழி கண்டார்கள்: முகத்தைத் தெற்கே வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே வடக்கே நடப்பது. கடல் இடக்கைப் பக்கம் வந்துவிட்டது. ரெஜினா சொன்ன சொல்லும் தப்பவில்லை.

வழியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மேல் மாமா முதுகால் போய் முட்டினார்.

"ஏ ஐயா, கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"கோவிச்சுக்காத தாயி. கடல்மேலயே கண்ணு வச்சுக் காவல் காத்துக்கிட்டே வாரேன். எங்க பிள்ளை மறுபடி மாத்திருவா."

ஒருவழியாக வீடு வந்தது. முதுகைக் காட்டியபடி படியேறிய மூவரையும் பார்த்து ரெஜினா அக்கா பதறினார்: "இன்னும் உள்ளயே வரல, அதுக்குள்ள எங்க கிளம்பிட்டீங்க?"

இசக்கிக்குப் பொறுமை போய்விட்டது. "பெரியப்பா! சொன்னபடி பத்திரமாக் கொண்டாந்து சேத்துட்டேன். டெல்லிக்குப் போலாமா, கூடாதா?"

"மொதல்ல குத்தத்த ஒத்துக்க."

எந்த மேடையிலும் தோற்காத இசக்கி அன்று கத்தினாள்: "ஆமா, நான்தான் மாத்தினேன்! ஒத்தக் கையால தூக்கி அந்தப் பக்கம் வச்சேன்! இப்ப என்னங்கிய?"

 மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பா பெரியப்பா காதில் ஏதோ சொன்னார். மாமா வேகமாகத் தலையாட்டினார். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, இதுவரை அவளிடம் காட்டாத மரியாதையோடு பதில் சொன்னார்:

"டெல்லிக்குத் தாராளமாப் போயிட்டு வா, தாயி. ஆனா நம்ம ஊர்க் கண்மாய் நாலு வருசமாக் காஞ்சு கெடக்கு. போறதுக்கு முன்னால இந்தக் கடலைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் தள்ளி வச்சிட்டுப் போ."