கொக்குமேட்டார் ஸ்கேனர் வாங்கிய கதை

கொக்குமேட்டில் புத்திசாலியே இல்லை என்று சொல்வது தப்பு. ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள்.

அந்த ஊர் வாசகசாலைக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து குமாஸ்தா போன் செய்தார். "வாசகசாலைக் கட்டடத்தோட அசல் பத்திரத்தை யார் கையிலும் குடுக்காதீங்க. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஸ்கேன் எடுத்துக் கொண்டு வாங்க. இல்லேன்னா கட்டடத்துக்கு சீல்."

செயலாளர் குஞ்சிதபாதம் குடியிருந்ததே வாசகசாலையின் பின்கட்டில்தான். அவர் மனைவி சுருக்கமாகச் சொன்னாள்: "சீல் வெச்சா நான் எங்கம்மா வீட்டுக்கு. நீங்க பஸ் ஸ்டாண்டுக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் தலைவர் திருமேனி, துணைத்தலைவர் உலகப்பன், குஞ்சிதபாதம் மூவரும் டவுனுக்குப் போய்க் கடையில் நின்றார்கள்.

"இது பேப்பரைத் தானா உள்ளே இழுத்துக்கும். நிமிஷத்துக்கு நாப்பது பக்கம்" என்றார் கடைக்காரர்.

திருமேனி பின்வாங்கினார். "பிடுங்கிக்குமா? யார் கையிலும் குடுக்கக் கூடாதுன்னு உத்தரவு."

"நமக்கு இருக்கிறதே ஒரு பக்கம்" என்றார் உலகப்பன். "மீதி நேரம் இது என்ன பண்ணும்? சும்மா இருந்தா கெட்டுப்போகும். என் தம்பியைப் பாருங்க."

அடுத்தது மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி. பேப்பரை அதில் படுக்க வைக்க வேண்டுமாம்.

"அறுபத்தேழு வயசுப் பத்திரம். படுக்கத்தான் வேணும்" என்று முடிவானது.

"கம்ப்யூட்டர் இருக்கில்ல?" என்றார் கடைக்காரர்.

"பார்த்தியா, அதையும் தலையில கட்டப் பார்க்கிறார்!" என்று உலகப்பன் காதைக் கடித்தார் திருமேனி.

ஊர் திரும்பி, பத்திரத்தைப் படுக்க வைத்து மூடி, சுவிட்சைப் போட்டார்கள். உள்ளே ஒரு வெளிச்சம் அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது. அப்புறம் ஒன்றுமில்லை.

"வெளியே எதுவும் வரலையே" என்றார் குஞ்சிதபாதம்.

"பார்த்ததை உடனே உளறிடுமா? விவரமான மெஷின். அதிகாரி கேட்டாத்தான் சொல்லும்" என்றார் உலகப்பன்.

"அப்போ இதுதான் நம்ம சாட்சி" என்றார் திருமேனி.

பத்திரத்தைப் பீரோவில் பூட்டினார்கள். ஆட்டோவில் சாட்சிக்கு ஓர சீட்.

மணி நாலரை. குமாஸ்தா கேட்டார்: "ஸ்கேன் எங்கே?"

"இவர் பார்த்துட்டார் சார். கேட்டுக்குங்க" என்று மெஷினை மேஜையில் வைத்தார் திருமேனி.

குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதோட வயராவது இருக்கா?"

"சாட்சியைக் கட்டி இழுத்துட்டு வரலாமா சார்?"

குமாஸ்தா தலையில் கைவைத்துக்கொண்டார். "இது போதாதுய்யா!"

குஞ்சிதபாதத்துக்குக் கண்ணில் பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. உலகப்பன்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பத்திரம்னா ரெண்டு சாட்சி வேணும்யா! ஒண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கோம்!"

அதே கடைக்கு ஓடினார்கள். அஞ்சு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கையில் நாற்பது பக்க மெஷினோடு மூச்சிரைக்க வந்து நின்றார்கள்.

"இது உங்க பத்திரத்தைப் பார்க்கவே இல்லையே!" என்று அலறினார் குமாஸ்தா.

"அதனாலென்ன சார்? இத்தனை வருஷமா இங்கே சாட்சிக் கையெழுத்துப் போட்டவங்கல்லாம் பத்திரத்தைப் படிச்சா போட்டாங்க?" என்றார் திருமேனி.

குமாஸ்தா பேனாவை எடுத்தார். கோப்பில் 'சாட்சிகள் இருவர் ஆஜர். திங்கள் வரை அவகாசம்' என்று எழுதி, கண்ணை மூடிக்கொண்டார்.

குஞ்சிதபாதம் வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தார். "திங்கக்கிழமை வரைக்கும் வீடு நம்மதுதான். சாப்பாட்டுக்கு ரெண்டு இலை கூடப் போடு. ஒருத்தர் படுத்துக்கிட்டுத்தான் சாப்பிடுவார். இன்னொருத்தர் நிமிஷத்துக்கு நாப்பது இட்லி."