தலைக்கு ஐம்பது, வாலுக்கு நாற்பது

ஊர் ஊருக்கு மூளையைப் பங்கு வைத்தார்களாம். எங்கள் ஆவாரங்குளத்துக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதற்குள் பந்தி முடிந்துவிட்டது. இதை நாங்களே சொல்லிக்கொள்வோம், வெளியூர்க்காரன் சொன்னால்தான் கோபம் வரும். எங்களில் வாகீசன் கொஞ்சம் விவரமானவர். தான் முட்டாள் என்பது அவருக்கே தெரியும்.

"புத்திசாலி விதியை மீறினா சாமர்த்தியம்பாங்க, நான் மீறினா மடத்தனம்பாங்க. எனக்கு எதுக்கு வம்பு?" என்பார். அதனால் எந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அப்படியே கேட்பார். இருபது வருஷத்துக்கு முன் தங்கை மகளின் காதுகுத்துக்குப் போகிற வழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விழட்டும் என்று நின்றார். அது கெட்டுப்போன விளக்கு. மறுநாள் ஆள் வந்து பழுது பார்த்த பிறகுதான் கிளம்பினார். தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையைப் பெஞ்சில் உட்கார வைத்துக் காது குத்திவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

அந்தக் குழந்தைக்குத்தான் இப்போது கல்யாணம். மண்டபம் பக்கத்து மாநிலத்தில், எல்லையைத் தாண்டினால் இருநூறு அடி. தங்கை மீனலோசனி போனில் கெஞ்சினாள்.

"அண்ணே, நீ மாலை எடுத்துக் கொடுத்தாத்தான் மணவறைக்கு வருவேன்னு இவ அடம் பிடிக்கிறா. பத்தரைக்கு முகூர்த்தம். உனக்குப் புண்ணியமாப் போகும், வழியில எதையும் படிக்காதே!"

தங்கை சொல்லைத் தட்டலாமா? பலகைகளைப் படிப்பதற்காக மனைவியின் தம்பி தில்லையப்பனைக் கூட்டிக்கொண்டார்.

சீர்வரிசை கசங்கக் கூடாது என்று ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தார். சினிமாக்காரர்கள் ஓய்வெடுப்பார்களே, அந்த மாதிரி. கட்டில், கண்ணாடி எல்லாம் உண்டு, இன்ஜின் மட்டும் கிடையாது. ஜீப்பின் பின்னால் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். ஜீப்பை அடைக்கலம் ஓட்டினான், தில்லையப்பன் அவன் பக்கத்தில். வாகீசன் மாலைத் தட்டோடு கேரவனுக்குள் உட்கார்ந்துகொண்டார்.

ஊரைத் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். "இழுத்துட்டுப் போற வண்டிக்குள்ள ஆள் உட்காரக் கூடாதுங்க."

"சரிங்க ஐயா" என்று வாகீசன் எழுந்து நின்றுகொண்டார். மூன்று மணி நேரமும் நின்றபடியேதான் வந்தார்.

எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை, அந்தப் பக்கம் ஒரு பலகை. தில்லையப்பன் கத்தினார், அடைக்கலம் பிரேக்கை மிதித்தான். மணி ஒன்பதரை. மண்டபத்து நாதஸ்வரம் காதில் விழுந்தது.

"மச்சான், நம்ம பக்கம் இழுக்கிறதும் இழுக்கப்படுறதும் நாற்பதுக்கு மேல போகக் கூடாதாம். அந்தப் பக்கம் ஐம்பதுக்குக் கீழ போகக் கூடாதாம்."

"நாம இப்போ எந்தப் பக்கம், மாப்ளே?"

"ஜீப்பு அங்கே. கேரவன் இங்கே."

"அப்போ தலைக்கு ஐம்பது, வாலுக்கு நாற்பது."

"ஒரே கொக்கியில எப்படிண்ணே?" என்றான் அடைக்கலம்.

வாகீசன் யோசித்தார். யோசனை அவர் உடம்புக்கு ஆகாது, சட்டை நனைந்துவிட்டது. கடைசியில், "கொக்கியைக் கழட்டு" என்றார்.

தில்லையப்பன் இறங்கிக் கழற்றியதும் ஜீப் ஐம்பதில் பறந்தது. மண்டபத்தையும் தாண்டிப் போய், சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. "நிறுத்துடா!" என்று வாகீசன் கத்தினார். "நிறுத்தினா ஐம்பதுக்குக் கீழ வந்துருமேண்ணே!" என்று சொல்லிக்கொண்டே அடைக்கலம் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டான்.

மிச்சம் இரண்டு பேரும் கேரவனைத் தள்ளினார்கள். கோட்டைத் தொடும்போது ஐம்பது வர வேண்டுமே என்று நூறு அடி பின்னால் கொண்டுபோய்த் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். அது கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது, தில்லையப்பன் மட்டும் முட்டி தேயக் கீழே விழுந்தார்.

"ஜீப்புக்கும் இதுக்கும் நீளமா ஒரு கயிறு கட்டிப் பார்ப்போமா, மச்சான்?"

"கயிறு பாதி அங்கே, பாதி இங்கே கிடக்குமே. கயித்துக்கு எந்த மாநிலத்து விதி?"

தில்லையப்பன் தேய்ந்த முட்டியை ஊதிக்கொண்டே வெகுநேரம் சிந்தித்தார்.

பத்தேகாலுக்கு மீனலோசனியே பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"இருநூறு அடிண்ணே! வண்டி எதுக்கு? மாலையை எடுத்துக்கிட்டு நட!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வாகீசனின் வலது கால் கோட்டைத் தாண்டியது. அப்படியே நின்றுவிட்டார்.

"மீனா, நீ என்னை இழுக்கிறே. நான் இழுக்கப்படுறேன். வலது காலுக்கு ஐம்பது, இடது காலுக்கு நாற்பது. நான் எப்படிம்மா நடப்பேன்?"

அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. இந்தப் பாழாய்ப்போன தலையில் இன்றைக்கு ஒரு நாளாவது ஏதாவது தோன்றக் கூடாதா என்று வாகீசன் தன்னையே திட்டிக்கொண்டார். தோன்றிவிட்டது.

"தூக்கின கால் எந்த மாநிலத்துலயும் இல்ல!" என்று இடது காலை மடக்கினார். "இழும்மா!"

தங்கை இழுக்க, மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நொண்டியடித்தே பறந்தார். "ஐம்பது வருதா மாப்ளே?" "நெருங்கிட்டீங்க மச்சான், விடாதீங்க!" என்று தில்லையப்பனும் பின்னால் நொண்டிக்கொண்டு வந்தார்.

பத்து இருபத்தெட்டுக்குத் தாய்மாமன் மண்டபத்துக்குள் குதித்தார். மாலையை எடுத்துக் கொடுத்தார். "மாமா, வந்துட்டீங்களா!" என்று பெண் அழுதுகொண்டே சிரித்தாள். வாகீசனும் அழுதார். இடது காலை மட்டும் இறக்கவில்லை, கீழே வைத்தால் அதற்கு எந்த விதி என்று இன்னும் முடிவாகவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஊருக்குச் சளைத்தவர்கள் இல்லை. அவர்களுக்குள் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது.

"இது பொண்ணு வீட்டு முறை போலிருக்கு. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மீசை துடித்தது. "பொண்ணு வீட்டுக்காரங்களே ஒரு காலைத் தூக்குறாங்க. நாம மாப்பிள்ளை வீடு, குறைஞ்சா போயிடுவோம்? நம்ம பையன் ரெண்டையும் தூக்கணும்!"

கெட்டிமேளம் முழங்கியது. சித்தப்பன்மார் நாலு பேர் அந்தரத்தில் தாங்கிப் பிடிக்க, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு மாப்பிள்ளை தாலி கட்டினார்.